பாட்டன் பெயரால் ஒரு பட்டா!

“உன் தகப்பனார் எந்தக் கல்லூரியில் படித்தார்?”

இப்படி ஒருவர் உங்களைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள், தோழர்களே? கேட்கப்பட்டவர் துறைமுகத்திலே மூட்டை சுமந்தவரின் மகனாக இருக்கலாம். தறிக்குழியிலே இறங்கி இறங்கிக் கால் மரத்துப் போனவரின் மகனாக இருக்கலாம். “கல்லூரியா? என் தகப்பனார் ஒரே ஒரு முறை கல்லூரிக்குள்ளே போயிருக்கிறார் — சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க!” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். கேட்டவர் சிரிக்கமாட்டார். எதிரே இருக்கும் தாளிலே ஒரு குறி போட்டுக்கொள்வார். தலையெழுத்து என்று ஒன்று கிடையாது என்று மேடைக்கு மேடை பேசி வந்தோமே, இதோ, மனுத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

கற்பனை அல்ல இது. அமெரிக்க நாட்டிலே, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கல்லூரிக்கு மனுப் போடுகிறார்களே, அந்த மனுவிலே தாய் எங்கே படித்தார், தந்தை எங்கே படித்தார் என்ற கேள்வி இருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் அந்தப் பதிலைத் தராசிலே போடுவதில்லை. ஆனால் நாட்டை ஆள்வோரையும், நீதிமன்றத்தில் அமர்வோரையும், வங்கிகளை நடத்துவோரையும் வார்த்தெடுக்கிற பேர்போன கல்லூரிகள் பல, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்டு என்று உலகமே வாய் பிளந்து பார்க்கும் கல்லூரிகள், போடுகின்றன. “இந்தப் பிள்ளையின் தகப்பன் நம் பழைய மாணவன்” என்றதும் தட்டு தாழ்கிறது. அவர்கள் மொழியிலே இதற்குப் பெயர் ‘லெகசி’. மூதாதையர் விட்டுச்சென்ற சொத்து என்று பொருள். வீடு விட்டுப் போவார்கள், தெரியும். வயல் விட்டுப் போவார்கள், வண்டி மாடு விட்டுப் போவார்கள், வாங்கிய கடனையும் விட்டுப் போவார்கள். வகுப்பறையிலே ஓர் இருக்கையை விட்டுப் போகிறார்கள் அங்கே!

எவ்வளவு தாழ்கிறது தட்டு? நெடுங்காலம் அது இரும்புப் பெட்டிக்குள்ளே இருந்த இரகசியம். 2014ஆம் ஆண்டு ஹார்வர்டு மீது ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018இல் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் அது விசாரணைக்கு வந்தபோது பெட்டி திறந்தது. ஆறு ஆண்டுக் கணக்கு வெளியே வந்து விழுந்தது. பழைய மாணவர் வீட்டுப் பிள்ளைகள் 100 பேர் மனுப் போட்டால், ஏறத்தாழ 34 பேருக்கு இடம். மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் 100 பேர் மனுப் போட்டால், 6 பேருக்கு இடம்.

அங்கே 34. இங்கே 6. ஒரே கல்லூரி, ஒரே மனு, ஒரே கட்டணம்.

“படித்தவர் வீட்டிலே பிறந்த பிள்ளை, புத்தகத்துக்கு நடுவிலே வளர்ந்த பிள்ளை, நன்றாகப் படித்திருக்கும், இடம் கிடைத்திருக்கும். இதிலே சூது என்ன கண்டீர்?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பழைய மாணவர் பிள்ளைகள் எல்லாரும் மந்தபுத்திக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. ஆகவே கெட்டிக்காரத்தனத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கவேண்டும். பார்த்திருக்கிறார்கள்.

அந்த வழக்கிலே வெளிவந்த கணக்கை வைத்து, வழக்குத் தொடுத்தவர் தரப்பிலே சாட்சி சொன்ன பொருளாதார அறிஞரும் அவருடன் இரு ஆய்வாளரும் எழுதினார்கள்: ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 100க்கு 43 பேருக்கு மேல், நான்கு தனி வாசல்களில் ஏதோ ஒன்றின் வழியாக வந்தவர்கள். கல்லூரிக்கு விளையாட வருவோர் ஒரு வாசல். பழைய மாணவர் பிள்ளைகள் ஒரு வாசல். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாசல். நன்கொடையாளர் முதலிய ‘வேண்டியவர்கள்’ பெயரை எழுதி வைக்கும் தனிப் பட்டியல் ஒரு வாசல். இந்த வாசல்கள் இல்லையென்றால், அந்த 43 பேரிலே முக்கால்வாசிப் பேர் வந்த வழியே திரும்பியிருப்பார்கள்!

2023 ஜூலையில் இன்னோர் ஆய்வு வந்தது. அதை நடத்திய மூவரில் ஒருவர் ராஜ் செட்டி. டில்லியிலே பிறந்து, ஒன்பது வயதிலே அமெரிக்கா போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இன்று ஹார்வர்டிலேயே பேராசிரியர். தன் வீட்டுக் கூரையிலேயே ஏறி நின்று ஓட்டை எங்கே என்று காட்டியிருக்கிறார்! வரிக் கணக்கையும் தேர்வு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாட்டின் உச்சியிலே இருக்கும் நூற்றில் ஒரு பங்குச் செல்வர் வீட்டுப் பிள்ளை, அதுவும் பழைய மாணவரின் பிள்ளையாக இருந்துவிட்டால், அதே மதிப்பெண் வாங்கிய மற்றப் பிள்ளையைப் போல் ஐந்து மடங்கு வாய்ப்பு!

இன்னொன்றும் கண்டார்கள், என்னைக் கேட்டால் இதுதான் ஆணிவேர். அதே பிள்ளை, தகப்பன் படிக்காத இன்னொரு பெரிய கல்லூரிக்கும் மனுப் போடுகிறானே, அங்கே அவனுக்கு இந்த ஏற்றம் இல்லை. ஹார்வர்டில் மேதை, அடுத்த ஊரிலே அவனும் ஒருவன். அறிவு என்றால் எங்கே போனாலும் அறிவாகத்தானே இருக்கவேண்டும்? அது என்ன, எல்லை தாண்டினால் செல்லாத பழைய சமஸ்தானத்துக் காசா?

நம் ஊரிலும் தகப்பன் படிப்பைக் கேட்கிறார்கள். கேட்டு என்ன செய்கிறார்கள்? 2010இல் கலைஞர் ஆட்சியிலே தொடங்கிய திட்டம், ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ். உன் வீட்டில் யாராவது பட்டம் பெற்றிருக்கிறார்களா என்று கேட்டு, “ஒருவருமில்லை” என்றால் தொழிற்கல்லூரிக் கட்டணத்திலே சலுகை. இதை வாங்கத் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்த தோழர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். கேள்வி ஒன்றுதான். இங்கே, இல்லாதவனுக்கு ஏணி. அங்கே, இருப்பவனுக்கு மாடிக்கு மேலே இன்னொரு மாடி.

எப்போது முளைத்தது இந்த ஏற்பாடு? ஆதிகாலத்து மரபு போலும், அந்தக் கல்லூரிகளின் பழைய செங்கல்லோடு சேர்ந்து வந்தது போலும் என்று எண்ணிவிடாதீர்கள். நூறு வயதுதான் ஆகிறது. பிறந்த கதை வெட்கக்கேடானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அந்தக் கல்லூரிகளுக்குள் நுழையப் பெரும்பாலும் ஒரு தேர்வு இருந்தது. தேறினால் இடம். இதை நம்பிப் படித்தார்கள் யூதர் வீட்டுப் பிள்ளைகள். யார் இந்த யூதர்கள்? ரஷ்யாவிலும் போலந்திலும் உயிருக்கு அஞ்சிக் கப்பலேறி வந்தவர்கள். நியூயார்க் நகரத்துத் தையற்கூடங்களிலே இரவு பகலாகப் பொறி மிதித்தவர்கள். தள்ளுவண்டியிலே பழைய துணி விற்றவர்கள். பட்டினி கிடந்து பிள்ளையைப் படிக்கவைத்தார்கள். படித்தான் பையன்! 1900இல் ஹார்வர்டிலே நூற்றுக்கு 7 பேராக இருந்த யூத மாணவர்கள், 1922இல் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் ஆனார்கள்.

கலங்கினார்கள் கனவான்கள். ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவெல், 1922இல், யூதருக்கு நூற்றுக்கு 15 என்று வரம்பு கட்டவேண்டுமென்று வெளிப்படையாகவே முயன்றார். மனுத் தாளிலே புதிய கேள்விகள் முளைத்தன: தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? நீயோ உன் தகப்பனோ பெயரை மாற்றிக்கொண்டதுண்டா? எதற்கு என்று புரிகிறதல்லவா? பெயரை விசாரித்து ஆளை மோப்பம் பிடிக்கும் வித்தை நமக்கொன்றும் புதிதல்ல.

வெளிப்படையான வரம்புக்கு எதிர்ப்பு வந்தது, ஆசிரியர்களே ஒப்பவில்லை. கதவைச் சாத்தமுடியவில்லை, சரி; கதவைக் குறுக்கினார்கள். 1926இல், மதிப்பெண் மட்டும் போதாது, ‘குணநலன்’ பார்க்கவேண்டும், மனுவோடு புகைப்படமும் வைக்கவேண்டும் என்றார்கள். குணத்தைப் படம் பிடிக்கும் கருவியை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது! யேல் பல்கலைக் கழகம் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. 1925இல் அதற்கு ஒரு விலக்கும் எழுதிக்கொண்டது: அடிப்படைத் தகுதி இருக்குமானால், எண்ணிக்கைக் குறைப்பு என்ற காரணத்தால் பழைய மாணவரின் மகனை வெளியே நிறுத்தக்கூடாது.

எவ்வளவு சாதுவான வாசகம்! யூதனே வராதே என்று அதிலே ஒரு எழுத்து இல்லை. கருப்பனே வராதே என்று அதிலே ஒரு எழுத்து இல்லை. பழைய மாணவர் மகனே, வா என்றுதான் இருக்கிறது. அவன் மகன்தான் பழைய மாணவன் மகன் அல்லவே! நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவனுக்குப் ‘பழைய’ ஏது?

இதே தந்திரத்தை அமெரிக்கா அதற்கு முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது, வாக்குச்சாவடி வாசலிலே.

அடிமைத்தளை அறுந்த பிறகு, கருப்பின ஆடவருக்கு வாக்குரிமை கிடைத்தது. தென்மாநிலத்து வெள்ளை ஆதிக்கக்காரர்கள், வாக்களிக்க எழுத்தறிவு வேண்டும், இல்லையேல் சொத்து வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். போட்டதும் ஒரு சங்கடம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழை வெள்ளையரும் ஏராளமாக இருந்தார்களே! அவர்களைக் காப்பாற்ற 1898இல் லூசியானா மாநிலம் ஒரு விதி செய்தது: 1867 ஜனவரி முதல் நாளுக்கு முன்பு வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவர் மகனுக்கும், பேரனுக்கும் இந்தச் சோதனை கிடையாது. 1867க்கு முன்பு கருப்பின மக்கள் அங்கே வாக்காளர் அல்லர். ‘பாட்டன் விதி’ என்றே அதற்குப் பெயர் வந்தது. சோதனைகளும் இந்த விதியும் சேர்ந்து செய்த வேலையைக் கேளுங்கள்: 1896இல் அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் 1,30,000 கருப்பின மக்கள் இருந்தார்கள், 1900இல் 5,000 பேர் சொச்சம்!

1915இல், ஒக்லகோமா மாநிலத்தின் பாட்டன் விதி வழக்கிலே, இது செல்லாது என்றது உச்சநீதிமன்றம். வாக்குச்சாவடியிலிருந்து விரட்டப்பட்ட பாட்டன் எங்கே போனான்? பத்தே ஆண்டுகளிலே கல்லூரி வாசலிலே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்!

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகத்திலே ஜேம்ஸ் மெரிடித் என்ற கருப்பின இளைஞர் காலடி வைக்க, 1962இல், மத்திய அரசின் காவலர்களும் இராணுவமும் துணைக்கு வரவேண்டியிருந்தது. கலவரத்திலே இரண்டு உயிர் போயிற்று. பாட்டன் காலத்திலே வாசற்படியில் துப்பாக்கியோடு நின்று தடுத்த நாட்டிலே, பேரனைப் பார்த்து “உன் பாட்டன் எங்கே படித்தான்?” என்று கேட்பது கேள்வியா, கேலியா?

ஹார்வர்டு வழக்கு என்ன ஆயிற்று? 2023 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இனத்தைக் கணக்கில் கொண்டு மாணவரைச் சேர்க்கக்கூடாது என்றது. ஒடுக்கப்பட்டோருக்குக் கொஞ்சம் தாழ்ந்துகொண்டிருந்த தட்டைத் தட்டிவிட்டார்கள். வழக்கு அதைப் பற்றியது; பாட்டன் பட்டாவைப் பற்றியதல்ல; ஆகவே பட்டா பத்திரமாக இருந்தது! இனச் சலுகை கூடாது என்று எழுதிய நீதிபதிகளில் ஒருவரான கோர்சக் கூட, நன்கொடையாளர் பிள்ளை, பழைய மாணவர் பிள்ளை, ஆசிரியர் பிள்ளை என்று ஹார்வர்டு காட்டும் சலுகையை இடித்துரைத்திருக்கிறார். மறுபக்கத்து நீதிபதி சோட்டோமயரும் அதையே சுட்டினார். எதிரெதிரே நின்ற இருவரின் கண்ணிலும் ஒரே முள்.

‘தகுதி, திறமை’ — இந்தச் சொற்களை நம் காதுகள் எத்தனை முறை கேட்டிருக்கின்றன! 1951இல் வகுப்புரிமை ஆணையை நீதிமன்றத்திலே வீழ்த்தியபோது கேட்டோம். அன்று முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஏழைக்குப் பத்து மதிப்பெண் தளர்த்தினால் தகுதி செத்துவிடும். பணக்காரன் பிள்ளைக்கு ஐந்து மடங்கு வாய்ப்புக் கொடுத்தால் தகுதிக்குத் தலைவலி கூட வராது! தகுதியின் உடல்நிலை அப்படி.

இதை ஆதரிப்போரின் வாதங்களில் ஒன்று கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கருப்பினத் தாய் ஒருத்தி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். “என் பாட்டனை உள்ளே விடவில்லை. என் தகப்பனை உள்ளே விடவில்லை. நான் முட்டி மோதி நுழைந்தேன், பட்டம் பெற்றேன். இப்போதுதான் என் மகள் ‘பழைய மாணவி மகள்’ ஆகியிருக்கிறாள். நூறு ஆண்டு உங்கள் பிள்ளைகள் அனுபவித்தார்கள். எங்கள் முறை வரும்போது கடையைக் கட்டுகிறீர்களே, நியாயமா?”

இதே பேச்சை அங்கே குடியேறி முன்னேறிய இந்தியர் வீட்டுக் கூடத்திலும் பேசலாம். நம் தமிழர் வீட்டிலும்தான். தகப்பன் இங்கே அரசுப் பள்ளியில் படித்து, அங்கே போய் ஸ்டான்போர்டிலே மேற்படிப்பு முடித்திருப்பான். மகன் அங்கே மனுப் போடும் வயது.

அந்தத் தாயின் கோபம் பொய்யல்ல. ஆனால் கணக்கு இருக்கிறதே, கணக்கு! அவளைப் போல் உள்ளே போனவர் சிலர். போகாதவர் பல இலட்சம். அவள் மகளுக்குத் திறக்கும் வாசல், அவளுடைய அண்ணன் மகனுக்குச் சாத்தும் வாசல். ஹார்வர்டு கணக்கையே மீண்டும் பாருங்கள்: வெள்ளையரிலே 100க்கு 43 பேர் தனி வாசல்காரர்கள் என்றேனே, கருப்பினத்தவரிலும் ஆசியரிலும் ஸ்பானிய மொழி பேசுவோரிலும் அது 16க்கும் குறைவு. இன்னும் நூறு ஆண்டு காத்திருந்தாலும் சமமாகுமா இது?

உள்ளே போனவன் மாறிவிடுவதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. அயர்லாந்திலே பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறி, பீப்பாய் செய்து பிழைத்த ஒரு தொழிலாளி, கென்னடி என்று பெயர். கத்தோலிக்கன், ஐரிஷ்காரன் என்று இழிவாகப் பார்த்த ஊர் அது. அவன் பேரன் ஜோசப் கென்னடி ஹார்வர்டில் நுழைந்தார், 1912இல் பட்டம், பிறகு பெருஞ்செல்வர். 1935இல் அவர் மகன் ஜான் — பின்னாளில் குடியரசுத் தலைவரானாரே, அவரேதான் — ஹார்வர்டுக்கு மனுப் போட்டார். ஏன் இங்கே சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு அவர் எழுதியது ஐந்தே ஐந்து வாக்கியம். அதிலே ஒரு காரணம், தகப்பனார் படித்த கல்லூரியிலேயே படிக்க ஆசை என்பது! தகப்பனாரும் ஒரு கடிதம் எழுதினார்: பையன் பிடித்த பாடத்திலே சூரன், பிடிக்காததிலே அசட்டை என்று. ஒளிவு மறைவில்லாத தகப்பன்! இடம் கிடைத்தது. கென்னடி கெட்டவர் என்று சொல்லவில்லை. பீப்பாய்த் தொழிலாளியின் வீட்டிலே மூன்றாம் தலைமுறை வாசலைத் தட்டி நுழைந்தது. நான்காம் தலைமுறைக்குத் தட்டவேண்டிய தேவையே இல்லை. அவ்வளவு விரைவிலே பழகிப்போகிறது.

விட்டவர்களும் இருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் ஓசைப்படாமல் 2014இல் நிறுத்திவிட்டு, 2020இல்தான் வெளியே சொன்னது. 2009இல் அங்கே சேர்ந்தவர்களிலே பழைய மாணவர் பிள்ளைகள் நூற்றுக்கு 12க்கு மேல். பத்தாண்டு கழித்து 4க்கும் கீழே. அதே பத்தாண்டில், அரசின் ஏழை மாணவர் உதவிக்குத் தகுதி உள்ளோர் நூற்றுக்கு 9 என்பது 19 ஆயிற்று. பல்கலைக் கழகம் இடிந்து விழவில்லை. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 2021இல் விட்டது. வெஸ்லியன் 2023இல் விட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இதைக் கடைப்பிடிப்பதே இல்லை. அங்கே படித்தவன் மகன் என்றால் மகிழ்ச்சி, தேர்வு எழுது என்பார்கள்.

மாநிலங்களும் விழித்தன. கொலராடோ 2021இல் அரசுக் கல்லூரிகளில் தடுத்தது. 2024இல் வர்ஜீனியா, இல்லினாய், மேரிலாந்து. மேரிலாந்து மட்டும் தனியார் கல்லூரிகளையும் சேர்த்து. அதே ஆண்டு கலிபோர்னியா தனியார் கல்லூரிகளுக்கும் தடை என்று சட்டம் செய்தது. 2025 செப்டம்பர் முதல் நடப்பு. மீறினால் தண்டனை? பெயரை அரசு வெளியிடும். அபராதம் கிடையாது! ஸ்டான்போர்டு என்ன செய்தது தெரியுமா? பட்டாவை விடமாட்டோம், மாநில அரசு எங்கள் மாணவருக்குத் தரும் உதவித்தொகை வேண்டாம், அதை எங்கள் கைப்பணத்திலிருந்தே கொடுத்துக்கொள்கிறோம் என்று 2025இல் அறிவித்தது. அப்படியானால் இந்த ஏற்பாடு அவர்களுக்கு எவ்வளவு இனிக்கிறது என்று பாருங்கள்!

ஏன் இனிக்கிறது? பணம். மழுப்பாமல் சொன்னால் அதுதான். பிள்ளைக்கு இடம் கொடுத்தால் தகப்பன் கொடை கொடுப்பான். அந்தக் கொடையிலே ஏழைக்கும் உதவுகிறோம் என்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெயர் சொல்லாத ஒரு பல்கலைக் கழகத்தின் நன்கொடைக் கணக்கைப் புரட்டியது. பழைய மாணவரின் பிள்ளை மனுப் போடும் வயதை நெருங்க நெருங்க, தகப்பனின் தர்மசிந்தை பெருக்கெடுக்கிறது! இடம் இல்லை என்றானதும் வற்றிவிடுகிறது. இதற்குப் பெயர் கொடையா? முன்பணம்! அடுத்த ஆண்டு வந்த வேறோர் ஆய்வு, சலுகை காட்டும் கல்லூரிக்குச் சலுகை காட்டாத கல்லூரியைவிடக் கொடை அதிகம் என்பதற்குச் சான்று இல்லை என்றது. ஆக, முன்பணம் கொடுப்பவன் கொடுக்கிறான். மொத்தத்தில் பெட்டி நிறையவில்லை.

2019இல் அங்கே ஓர் ஊழல் வெடித்தது. ரிக் சிங்கர் என்ற தரகர், பணக்காரப் பெற்றோரிடம் இலட்சக்கணக்கில் வாங்கி, விளையாடத் தெரியாத பிள்ளையை விளையாட்டு வீரன் என்று காட்டிக் கல்லூரிகளில் நுழைத்தார். அவர் சொன்ன கணக்கு: படித்துப் போவது முன்வாசல், கட்டடம் கட்டக் கோடி கொடுத்துப் போவது பின்வாசல், நான் காட்டுவது பக்கவாசல், செலவு குறைவு! பக்கவாசல்காரருக்குச் சிறை. பின்வாசலுக்குச் சட்டப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏழையின் திருட்டுக்கும் சீமானின் திருட்டுக்கும் வித்தியாசம் நாம் அறிந்ததுதான். சின்னச் சீமான் திருட்டுக்கும் பெரிய சீமான் திருட்டுக்கும் கூட வித்தியாசம் உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

சரி, அவர்கள் வாதத்தையே ஒப்புக்கொள்வோம். பணம் கொடுத்தவன் வழியினருக்கு இடம் என்றால், யேல் பல்கலைக் கழகத்தின் கதையைக் கொஞ்சம் பேசவேண்டும்.

இங்கே புஷ் குடும்பம் பேர்போனது. பாட்டன் பிரஸ்காட் புஷ் யேலில் பட்டம் பெற்றது 1917இல். பிறகு பல்கலைக் கழக ஆட்சிக்குழுவிலேயே உறுப்பினர். தகப்பன் ஜார்ஜ் புஷ் 1948. மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1964இல் சேர்ந்து 1968இல் பட்டம். தகப்பனும் மகனும் குடியரசுத் தலைவர்கள். மகன் 2001இல் யேல் பட்டமளிப்பு விழாவிலே பேசும்போது, குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவர்களே, நீங்களும் குடியரசுத் தலைவராகலாம் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். 2004இல் இந்தச் சலுகை கூடாது என்றும் சொன்னார். பட்டா பெற்றவரே பட்டா வேண்டாம் என்றார், யேல் கேட்கவில்லை! 2022இல் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்திலே தடை மசோதா வந்தபோது, யேல் எதிர்த்துச் சாட்சி சொன்னது.

அதே யேலில் 1965ஆம் ஆண்டு, மாணவர் சேர்க்கைப் பொறுப்புக்கு இன்ஸ்லி கிளார்க் என்ற இளைஞர் வந்தார். சீமான் பள்ளிகளோடு நிற்காமல், நகரத்துச் சாதாரணப் பள்ளிகளுக்கும் ஆளனுப்பினார். பழைய மாணவர் மகன்களின் பங்கு சரிந்தது. ஆட்சிக்குழுவிலே விளக்கம் கேட்டார்கள். நாட்டின் தலைவர்கள் இனிப் புதிய இடங்களிலிருந்து வருவார்கள் என்றார் கிளார்க். ஓர் உறுப்பினர் சீறினார்: யூதரையும் அரசுப் பள்ளிப் பையன்களையும் தலைவர்கள் என்கிறாயே, இந்த மேசையைச் சுற்றிப் பார், அமெரிக்காவின் தலைவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறோம், எங்களிலே யூதன் உண்டா, அரசுப் பள்ளியில் படித்தவன் உண்டா என்று! பெண்களுக்கு அந்த மேசை மட்டுமல்ல, இளநிலை வகுப்பே அப்போது கிடையாது; 1969இல்தான் சேர்த்தார்கள்.

மேசைக்காரர்கள் மறந்தது ஒன்று உண்டு. அந்தக் கல்லூரிக்கு யேல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? எலிஹு யேல் — 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர்! 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். சொந்த வியாபாரத்திலே பெரும்பொருள் குவித்து, முறைகேட்டுப் புகாரிலே பதவி இழந்து, மூட்டை கட்டிக்கொண்டு இலண்டன் போனவர். அவர் தலைமையில் இருந்த கோட்டை நிர்வாகம் அடிமை வாணிபத்திலும் கை நனைத்திருந்தது. 1718இல், பணமுடையிலே தவித்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் அனுப்பியது 417 புத்தகம், மன்னரின் படம் ஒன்று, ஒன்பது மூட்டைச் சரக்கு. மூட்டைக்குள்ளே மஸ்லின், காலிகோ முதலிய துணிகள். விற்றார்கள். 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்று அதன் இருப்பு நிதி 4,000 கோடி டாலருக்கு மேல்.

எலிஹு யேலின் செல்வம் எந்த ஊர்ச் செல்வம்? கோட்டையைச் சுற்றி எந்த மக்கள் நூற்றார்கள், நெய்தார்கள், சாயம் தோய்த்தார்கள், தலையிலே சுமந்து கப்பலில் ஏற்றினார்கள்? கொடுத்தவன் வழியினருக்கு முதல் இடம் என்றால், மேசைக்காரர்களே, சிந்தாதிரிப்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் மனுத் தாளை அனுப்புங்கள்!

அனுப்பமாட்டார்கள். ஆனால் யேல் ஓர் அழைப்பு அனுப்பியிருந்தது. காஞ்சிபுரத்திலே நெசவாளர் குடும்பத்திலே பிறந்து, படிப்பு நடுவிலே நின்று நகராட்சி அலுவலகத்திலே எழுத்தராக உட்கார்ந்து, மீண்டும் எழுந்து போய்ப் பச்சையப்பன் கல்லூரியிலே படித்து, அப்போது தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த நம் அண்ணாவுக்கு. சப் ஃபெலோ என்ற சிறப்பு விருந்தினராக 1968 ஏப்ரலில் அவர் அங்கே போனார். புஷ் வீட்டு மூன்றாம் தலைமுறை கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த அதே வளாகம்; துணி மூட்டை போய்ச் சேர்ந்து சரியாக 250 ஆண்டுகள்.